நீ இறங்கி நின்ற தண்ணீர்

மச்சான், ஆணும் பெண்ணும் வரிசையில் நின்று முதன்முதலாக ஓட்டுப் போட்ட வருசம் அது. கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கத்துக் கிணறுகளுக்குக் கரண்டு மோட்டார் வந்ததும் அப்போதுதான். இன்று காலை பக்கத்து வீட்டில் போர் மோட்டாருக்கு வயர் ஜாயின்ட் போட்டார்கள். ரப்பர் டேப்பின் வாடை மூக்கில் ஏறியதும் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டேன்.

அப்படி ஒரு கிணற்றுக்கு நாம் சங்கரன்கோவிலிலிருந்து ஒரே சைக்கிளில் போனோம். வயர் எட்டாததால் கிணற்றுக்குள்ளேயே ஜாயின்ட் போட வேண்டியதாயிற்று. மழைக்குத் தண்ணீர் ஏறினால் அது மூழ்கும். செம்புக் கம்பிகளை முறுக்கி, ஈயம் பற்றவைத்து, ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றி, மேலே தாரை உருக்கிப் பூசினேன். நான்தான். நீ மேலே சுவிட்சுப் பலகையில் இருந்தாய்.

வேலை முடிந்தபிறகு வந்த கிணற்றுக்காரர், கரண்டு கசியாது என்பதை நம்பவில்லை. "ஜாயின்ட் போட்டவன் அதத் தண்ணிக்குள்ள முக்கிட்டு, கூடவே நிக்கணும்வே. அப்பந்தான் சுவிட்சப் போடுவேன்" என்றார். அந்தக் காலத்தில் எல்லாக் கிணற்றிலும் அதுதான் வழக்கம்.

மேலே ஏறி வந்திருந்த நான் மறுபடி இறங்கவில்லை. நீ என் முகத்தைப் பார்த்தாய். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினாய்.

"போட்டவன் நான்தான் அண்ணாச்சி. சுவிட்சப் போடுங்க!"

அந்நேரம் பஸ்ஸேறி உனக்குக் கஞ்சி கொண்டுவந்த என் தங்கை கிணற்று மேட்டில் நின்றாள். உன்னைக் கட்டி ஒரு வருசம்கூட ஆகாதவள்.

"யண்ணே, அவுக போட்டதா அது?"

"ஆமா" என்றேன்.

மோட்டார் ஓடியது. உனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜாயின்ட் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் குத்துகிறது. என் கையை நான் நம்பவில்லை, நீ நம்பினாய். திரும்பும்போது, பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"ஒந் தங்கச்சி தாலிய நெனச்சாவது நல்லாச் சுத்திருப்பலே மாப்ள" என்று சிரித்தாய். நான் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்திருந்ததால் என் முகம் உனக்குத் தெரியவில்லை.

அதன்பிறகு நான் போட்ட ஜாயின்ட்டுக்கெல்லாம் நானே தண்ணீரில் நின்றேன். ஆனாலும் இன்றுவரை பேரப்பிள்ளைகளிடம் தங்கை, "ஒங்க தாத்தா போட்ட ஜாயின்ட்டு" என்று பெருமை பேசுகிறாள். நான் பக்கத்தில் இருந்து தலையாட்டுகிறேன்.

எனக்கு எழுதத் தெரியாது. உன் பேத்திதான் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். நடுவில் ஒருமுறை நிறுத்தி என்னை ஏறிட்டுப் பார்த்தாள். எழுது தாயி என்றேன். முடித்ததும் உள்ளே போய்த் தன் ஆச்சிக்கு வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன். அன்று கிணற்றடியில் நின்றவர்களில் என்னைத் தவிர உயிரோடு இருப்பது அவள் ஒருத்திதான், உன் பிச்சம்மாள்.