‘தவிர’ முன்னால் வர வேண்டும்

நாள் 41, 09:10
விண்கப்பல் உடைக்கும் தோணி ‘அலைவாய்’. எழுதுவது ஐகோர்ட்துரை, வெட்டான் இயக்குநர். கண்டெடுக்கிறவருக்கு வணக்கம்.

வெட்டான் எந்திரங்கள் ஆறும் நலம். ஒவ்வொன்றுக்கும் எட்டுக் கால், கால் நுனியில் வெப்பக் கத்தி. பெயரை அடித்தால் அந்தப் பெயர்ப்பட்டை எங்கே இருக்கிறதோ அதைப் பூசணிக்காயைப்போலப் பிளக்கும். இரும்பும் ஆளும் அதற்கு ஒன்றுதான். ஆட்களின் பட்டை விலாவுக்குள் தைத்தது, கழற்ற முடியாது. அதனால் உள்ளே ஆள் இருந்தால் கட்டளையில் ‘--தவிர’ போட்டு அவர் பெயரைச் சேர்ப்போம்.

நான் ஒன்பதாம் வகுப்பைக் கிட்டத்தட்ட முடித்தவன். வியாழன் கோளுக்கு அப்பால் ஒரு வெட்டானை வெறும் கையால் அடக்கியிருக்கிறேன். பார்த்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. பழைய கட்டளைப் பலகையில் ‘தவிர’ இலக்கின் பெயருக்கு முன்னால் இருந்தாலும் பின்னால் இருந்தாலும் அதுவே பொறுக்கி அடுக்கிக்கொள்ளும். சென்ற துறைமுகத்தில் புதிதாக ஒன்றை மாட்டினார்கள். என் அக்காள் மகள் ராஜகனி, இங்கே பொறியாளர், வானொலியில் பாடம் எடுத்தாள்.

“மாமா, இதுல தவிர-வ முதல்லயே போட்டுரணும். ஒரு இலக்கு பேரு விழுந்துட்டுன்னா, அதுக்குப் பொறவு என்னத்த அடிச்சாலும் அதையும் இலக்குன்னுதான் எடுத்துக்கிடும்.”

பலகைக்கே எழுத்துச் சொல்லிக்கொடுத்தவன் நான் என்றேன். சிரித்தாள்.

நாள் 41, 14:05
இன்று உடைப்பது ஒரு செத்த சரக்குக் கப்பல். தலைவர் உச்சிமாகாளியும் ராஜகனியும் அதன் முன்பக்கம் எரிபொருள் குழாய்களை அடைக்கிறார்கள். அவர்கள் அடைக்கும்போதே பின்பக்கம் வெட்டத் தொடங்குவது எங்கள் தொழில் வழக்கம். நான் தோணியிலிருந்து நீள வடத்தில் தொங்கும் இயக்கக் கூண்டில் தனியாக இருக்கிறேன்.

“அண்ணாச்சி, கதை அளக்காம சட்டுனு அடிங்க. சோத்துக்குப் போணும்.” இது தலைவர்.

அடித்தேன்:
உடை பழங்கப்பல் --தவிர உச்சிமாகாளி --தவிர ராஜகனி

பலகை ஏதேதோ எழுதியது. கடைசி வரியை மட்டும் பார்த்தேன். ‘வேலை தொடங்கியது.’

நாள் 41, 14:31
தலைவர் இல்லை.

“அண்ணாச்சி, இதுக ஏன் எம்பக்கமா வருது? அண்ணாச்சி, எங்கையி—”

கூண்டின் கண்ணாடி வழியே பார்த்தேன். மூன்று வெட்டான்கள் அவரை நடுவில் வைத்து ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. தலைக்கவசம் தலையோடு சுழன்று போனது. இரத்தம் உருண்டை உருண்டையாக உறைந்து என் கண்ணாடியில் வந்து தட்டியது. சத்தமே இல்லை. மற்ற மூன்றும் கப்பலை முடித்துவிட்டன. இப்போது ஆறும் ஒரே பக்கம் திரும்புகின்றன.

எந்திரத்துக்குப் பித்தம் பிடித்துவிட்டது. என் கட்டளையில் குற்றமில்லை.

நாள் 41, 14:44
ராஜகனி, பிளந்த கப்பலில் மிஞ்சிய முன்பக்க அழுத்த அறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டாள். வெளியே சுவரை அறுக்கின்றன.

“என்ன மாமா அடிச்சிய?”
“நீ சொன்ன மாதிரிதாம்ளா. தவிர முன்னாடி.”
“அப்பம் வெட்டானோட கண்ணுதான் கெட்டுருக்கு. நான் வெளிய வந்து அதச் சரி பண்ணட்டுமா?”

அவள் கதவைத் திறந்து வெளியே வரப் பார்க்கிறாள். நான் சொன்னதை நம்பி.

“மாமா? திறக்கட்டுமா?”
“திறக்காத. பின்னாடிதான் போட்டேன்.”



“திரையில உள்ளத வாசிங்க.”

வாசித்தேன். ‘இலக்குகள் ஐந்து. பழங்கப்பல், கிடைத்தது. --தவிர, அப்படி எதுவும் இல்லை. உச்சிமாகாளி, கிடைத்தது. --தவிர, அப்படி எதுவும் இல்லை. ராஜகனி, கிடைத்தது.’

நாள் 41, 14:52
தொடங்கிய வெட்டு நிற்காது. பாதி அறுத்த எரிபொருள் தொட்டி வெடிக்கும் என்று அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். புதுக் கட்டளை கொடுத்தால்தான் பழையது அழியும்.

உடை --தவிர ராஜகனி பழங்கப்பல்
‘பழங்கப்பல், முடிந்தது. மீதி இலக்கு இல்லை. முந்தைய கட்டளை தொடரும்.’

அவளை விட்டால் பட்டை உள்ளது இன்னும் இரண்டுதான். ஒன்று தோணி, அது போனால் அவள் வீடு திரும்ப வழியில்லை.

“மாமா, சுவத்துல கத்தி தெரியுது. காலு சுடுது மாமா.”

இவளுக்குக் காது குத்தியது என் மடியில் வைத்து. அன்று என் விரலைக் கடித்து ரத்தம் வரவழைத்தாள். தாய்மாமன் சீர்த்தட்டு வந்தபிறகுதான் மற்றத் தட்டெல்லாம் உள்ளே வரும் எங்கள் ஊரில். முறையாக எது முன்னால் என்று எனக்கா தெரியாது.

“மாமா, என்ன அடிக்கிய? வாசிச்சுட்டு அடிங்க. மாமா, உங்க பேர அடிக்காதிய.”

உடை --தவிர ராஜகனி ஐகோர்ட்துரை

நாள் 41, 14:55
முதலில் திரையை முழுதாக வாசித்தேன். ‘தவிர்ப்பு ஒன்று. ராஜகனி. இலக்கு ஒன்று. ஐகோர்ட்துரை, கிடைத்தது.’

வெட்டான்கள் அவளது சுவரை விட்டுவிட்டு என் பக்கம் வருகின்றன. அழுகிறாள். வானொலியை அணைத்துவிட்டேன், எழுத முடியவில்லை.

வடத்தில் ஏறிவிட்டன. ஒன்றை இரும்புத்தடியால் அடித்தேன், ஒரு கால் ஒடிந்தது, இது நிஜம். கூரையில் முதல் கத்தி. இடது கை போய்விட்டது. வலதில் எழுதுகிறேன்.

கண்டெடுக்கிறவரே, வந்தது ஆறுதான். கேட்கிறவர்களிடம் அறுபது என்று சொல்லும். ராஜகனியிடம் மட்டும்