எடை மட்டும் மாறியது

வியாழன், இரவு

ஆஸ்பத்திரிகளுக்கான டேட்டாபேஸில் பழைய விவரமும் புதியதும் எப்படிச் சேர வேண்டும் என்று நாளைக் காலை முடிவு சொல்ல வேண்டும். சோதித்துப் பார்க்க என் மகள் யாழினியின் விவரத்தைப் போட்டேன். அதில் உடல்நலம் என்றொரு பகுதி. அதற்குள் எடையும் நிலக்கடலை ஒவ்வாமையும். பிறகு எடையை மட்டும் திருத்தி அனுப்பினேன். அந்தப் பகுதி முழுவதையும் புதியது விழுங்கிவிட்டது. ஒவ்வாமையைக் காணோம். ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை.

கூட வேலை செய்யும் செல்வத்துக்குப் போன் போட்டேன்.

"புதுசு வந்தா பழசு போகும்க்கா, அம்புட்டுத்தான். உள்ள உள்ள போய்ச் சேத்துக்கிட்டிருந்தா ஸ்லோவாயிரும்."

"சொல்லாததை ஏன் தம்பி அழிக்கணும்?"

"அப்ப நெசமாவே அழிக்கணும்னா என்ன செய்வீங்க?"

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். நாகல் நகர் கல்யாண வீட்டில் யாரோ யாழினிக்குக் கடலைமிட்டாய் கொடுத்த அன்று ஆட்டோவில் அவள் மூச்சு... அதை எழுத வேண்டாம்.

இப்போது தோன்றுகிறது. அழி என்று தனியாகச் சொன்னால் மட்டும் அழியட்டும். சொல்லாத எதையும் தொடக் கூடாது. மெதுவானால் ஆகட்டும். செல்வம் சண்டைக்கு வருவான், வரட்டும்.

அந்த ஒவ்வாமையை மறுபடி போட்டேனா? வெறும் சோதனைதான். இருந்தாலும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.