ஹாரன் இல்லாத வண்டி

சம்பந்தி அவர்களுக்கு,

இன்று காலை செங்கம் ரோட்டில் என் வண்டிக்குள் வெல்லப்பாகு காயும் வாசனை வந்தது. யாரோ அதிரசம் சுடுகிறார்கள் என்று சப்புக்கொட்டினேன். பிறகுதான் டேஷ்போர்டில் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிவதைப் பார்த்தேன். காய்ந்தது பாகு அல்ல, ரேடியேட்டரில் ஊற்றிய கூலன்ட். உடனே உங்கள் நினைவு வந்தது. போய்ச் சேர்ந்தவரை ரேடியேட்டர் கொதிக்கும்போது நினைப்பது மரியாதையா, தெரியவில்லை. நீங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

கல்யாணத்தன்று எங்கள் வீட்டில் யாருக்கும் உங்களைப் பிடிக்கவில்லை. காரணம் உங்கள் தொண்டை. பந்தியில் நீங்கள் "ரசம் எங்கப்பா?" என்று கேட்டதும் மேடையில் நாதஸ்வரமே ஒரு கணம் நின்றது. கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றும் வேன் ஓட்டிப் பழகிய குரல் என்று மாப்பிள்ளை சமாதானம் சொன்னார். "நம்ம பொண்ணு காது என்னத்துக்கு ஆகும்?" என்று என் மனைவி என் காதைக் கடித்தாள்.

அப்புறம் அந்தப் பௌர்ணமி. பிரசவத்துக்கு வந்திருந்த என் மகளைப் பார்க்க அடி அண்ணாமலைக்கு வந்தீர்கள். சாயங்காலமே அவளுக்கு வலி கண்டுவிட்டது. கிரிவலக் கூட்டத்தைத் தாண்டி ஆம்புலன்ஸ் வர வழியில்லை. என் வண்டியிலேயே கிளம்பினோம். கொஞ்ச தூரம்தான்; சூடு காட்டும் முள் சிவப்பை நெருங்கியது.

"ஏசி போடுங்க சம்பந்தி" என்றீர்கள்.

"இப்பப் போயி உங்களுக்குக் குளிரு கேக்குதா?"

"எனக்கில்லைங்க. ஏசி போட்டா ரேடியேட்டர் ஃபேன் தானா சுத்தணும். சுத்துதான்னு பாக்கறேன்."

சுற்றவில்லை. எஞ்சின் விளக்கு எரியவில்லையா என்று குனிந்து பார்த்தீர்கள். அது பல நாளாக எரிந்துகொண்டுதான் இருந்தது. கண்ணை உறுத்துகிறதே என்று ஆயுத பூஜையன்று அதன்மேல் சந்தனம் குங்குமம் வைத்து மறைத்திருந்தேன். நகத்தால் சுரண்டினீர்கள். "விளக்குக்குப் பொட்டு வெச்சா வண்டிக்கு நோவு தீந்துடுமா?"

"ரெண்டு பேரும் அப்பறமா சண்டை போடுங்க!" என்று பின்சீட்டிலிருந்து மகள் அலறினாள்.

பானெட்டைத் திறந்து, ஒரு துண்டு ஒயரால் பேட்டரியிலிருந்து ஃபேனுக்கு நேராகக் கரன்ட் கொடுத்தீர்கள். சுற்றியது. ஆக, மோட்டார் நல்லது. ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தீர்கள்; அதுவும் நல்லது. ஃபேனுக்குக் கரன்ட்டைத் திறந்துவிடும் ரிலே என்ற சின்னக் கறுப்புப் பெட்டிதான் கருகியிருந்தது. ஹாரனுக்கும் அதே மாதிரி ரிலே. அதைப் பிடுங்கி இதன் இடத்தில் சொருகினீர்கள். ஃபேன் உறுமியது. முள் இறங்கியது. ஹாரன் செத்தது.

"இந்தக் கூட்டத்துல ஹாரன் இல்லாம எப்படிங்க போறது?"

"நான் எதுக்குங்க இருக்கேன்? நீங்க ஓட்டுங்க."

ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, அடிவயிற்றிலிருந்து எடுத்தீர்கள்: "அண்ணாமலைக்கு!"

"அரோகரா!" என்றது கூட்டம். அதைக் கேட்டு எங்கள் ஊரில் யாரால் சும்மா இருக்க முடியும்? பதில் சொன்ன வாயோடு திரும்பிப் பார்த்தார்கள்; பின்சீட்டைப் பார்த்து விலகினார்கள். ஆஸ்பத்திரி வாசல் வரை அப்படியே. ஹாரன் அடித்திருந்தால் திட்டுதான் கிடைத்திருக்கும்.

பேத்தி பிறந்ததைச் சொல்ல நர்ஸ் வந்தபோது, கத்திக் கத்தி உங்களுக்குக் குரலே இல்லை. வாய் அசைந்தது, கண்ணீர் வந்தது, சத்தம் வரவில்லை. அந்தத் தொண்டை திரும்ப வந்துவிட வேண்டுமே என்று கவலைப்பட்ட முதல் ஆள் என் மனைவி. மிளகுப்பால் காய்ச்சிக்கொண்டு ஓடி வந்தாளே!

இன்றும் கருகியது அதே ஃபேன் ரிலேதான். ஹாரன் ரிலேயை நானே பிடுங்கி, நானே மாற்றினேன். கையைச் சுட்டுக்கொண்டதை வெளியே சொல்லவில்லை. பள்ளிக்கூட மணி அடிக்கும் நேரம். ரோட்டின் நடுவே ஒரு மாடு படுத்திருந்தது. ஹாரன் இல்லை. தலையை நீட்டி, என் கீச்சுக் குரலில் "அண்ணாமலைக்கு" என்றேன். மாடு அசை போட்டது. ரோட்டோரப் பூக்காரம்மா சிரித்தார்.

பின்சீட்டிலிருந்து வந்தது பாருங்கள் ஒரு "அரோகரா!" கண்ணாடி அதிர்ந்தது. மாடு பதறி எழுந்து வழிவிட்டது. திரும்பிப் பார்த்தேன்: நம் பேத்தி, ஸ்கூல் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்திருந்தாள்.

உங்கள் தொண்டைதான், சம்பந்தி. புது ரிலே வாங்க அவசரமில்லை.