பதினாலாம் நம்பர் வண்டியும் இரண்டாவது வளைவும்

மார்ச் 3, திங்கள்

வண்டி வந்துவிட்டது! மூடப்போகிற கோல்ஃப் மைதானத்தில் வரிசையாக நின்ற இருபது வண்டிகளில் நானே பொறுக்கியது. வெள்ளை நிறம். பக்கவாட்டில் கறுப்பில் 14 என்று பெரிதாக எழுதியிருக்கிறது. ஒரு விளக்குக்குக் கண்ணாடி இல்லை. கீழ்க் கேட்டுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்த லாரி டிரைவர் என் வீட்டுப் பாதையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது புல்தரையில ஓடுற வண்டிம்மா" என்றார். தெரியும் என்றேன்.

பாதையைப் பற்றி எழுதி வைக்கிறேன், பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். கேட்டிலிருந்து வாசல் வரை நானூற்றுப் பத்து மீட்டர். மண்ணும் சரளையும். இரண்டு பக்கமும் பாறை, நடுவில் ஐந்தடி அகலம், அதனால் கார் ஜீப் எதுவும் நுழையாது. சரிவு சராசரியாகப் பன்னிரண்டு டிகிரி, இரண்டாவது வளைவில் மட்டும் பத்தொன்பது. முப்பது வருஷம் சர்வேயராக ஊரார் நிலத்தையெல்லாம் அளந்தவள் தனக்கென்று வாங்கும்போது இப்படியா வாங்குவாள் என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்விதான். மேலே வந்து ஒரு தடவை பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டாள். அவள் முப்பத்தோரு வருஷம் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியின் கூரைகூட இங்கிருந்து தெரிகிறது.

இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்கு வாக்கர்தான். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி வீட்டை விட்டுவிடப் போகிறாள். முதியோர் இல்லத்தில் அவளுக்கென்று ஓர் அறையை மாதக் கடைசிவரை பிடித்து வைத்திருக்கிறார்கள். 31-ஆம் தேதி கையெழுத்துப் போட்டால் போனாள். அதற்குள் அவளை என்னோடு வந்துவிடச் சொல்லவேண்டும். எந்த வாயால் சொல்வது, ஏறி வர வழியில்லாத வீட்டுக்கு? இன்னும் இருபத்தெட்டு நாள் இருக்கிறது.

மார்ச் 4

முதல் வளைவு வரை சமர்த்தாக வந்தது. அதற்கு மேல் ஒரு முனகல், ஒரு விக்கல், நின்றுவிட்டது. பின்னாலேயே உருட்டிக்கொண்டு கேட்டுக்கு வந்து சேர்ந்தேன். பரவாயில்லை. நாளைக்கே டயர் ஆர்டர் செய்கிறேன்.

மார்ச் 6

பேட்டரி வண்டி மெக்கானிக் வந்தார். எல்லாரும் அவரை எக்ஸ்பிரஸ் என்கிறார்கள். ஒரு நட்டைக் கழற்றுவதற்கு முன் அதை ஐந்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருப்பார், அதனால். பாதையில் நடந்து ஏறி, நடந்து இறங்கி, என் சரிவுமானியையும் வாங்கிப் பார்த்தார்.

"ஏத்திடலாம் மேடம். ஆனா அவசரப்படாதீங்க. டயரைக் கடைசியா வாங்கிக்கலாம்."

டயர் ஏற்கெனவே ஆர்டர் போட்டாயிற்று என்று சொல்ல வாய் வரவில்லை.

மார்ச் 10

டயர் வந்தது! கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர், பழையதைவிட ஐந்து அங்குலம் பெரிசு. எக்ஸ்பிரஸ் பெருமூச்சு விட்டுவிட்டு வண்டியின் உடம்பை ஆறு அங்குலம் தூக்கி மாட்டிக் கொடுத்தார். அடேயப்பா, என்ன தோரணை! நாலு தடவை சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன்.

ஓட்டினால், முதல் வளைவுகூட ஏறவில்லை. முன்னைவிட மோசம்.

"பெரிய சக்கரம் வேகத்துக்கு மேடம். உங்களுக்கு வேண்டியது இழுவை." திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 14, வெள்ளி

பின் அச்சின் பல்சக்கரங்களை மாற்றியாகிவிட்டது. மெதுவாகச் சுற்றும், ஆனால் விடாது இழுக்கும். மோட்டாரும் வேறு. ஆறு பழைய பேட்டரிகளையும் கழற்றி எறிந்துவிட்டு ஒரே ஒரு லித்தியம் பெட்டி.

காலையில் அக்காவுக்குப் பதிலாக ஒரு சிமெண்ட் மூட்டையைப் பின்சீட்டில் வைத்து ஏற்றினேன். முதல் வளைவு தாண்டியது! இரண்டாவது வளைவில் திடீரென்று எனக்கு வானம் மட்டும்தான் தெரிந்தது. முன்சக்கரம் இரண்டும் அந்தரத்தில். ஸ்டியரிங்கைத் திருப்புகிறேன், எதுவும் திரும்பவில்லை. நல்லவேளை, பின்னால் நடந்து வந்த எக்ஸ்பிரஸ் முன்னால் ஓடிவந்து பம்பர்மேல் உட்கார்ந்துவிட்டார். ஓடினார்! அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

பின்சீட்டைப் பிடுங்கிவிட முடிவு செய்தோம். பேட்டரிப் பெட்டி முன்னால், கால் வைக்கும் பலகைக்கு அடியில். அக்கா என் பக்கத்தில்தான் உட்காரவேண்டும். ஐம்பது வருஷத்துக்கு முன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என்னை ஜன்னலோரம் விடாதவள்.

மார்ச் 17, திங்கள்

ஏறிவிட்டது! ஏறிவிட்டது! ஏறிவிட்டது!

மூன்று நிமிஷம் பத்து வினாடி. இரண்டாவது வளைவில் சரளை தெறித்தது, டயர் ஒரு கடி கடித்தது, அவ்வளவுதான். மூட்டை அசையவில்லை. வாசலில் நிறுத்திவிட்டு ஆளில்லாத மலையைப் பார்த்துக் கத்தினேன். ஐம்பத்தேழு வயதில் ஒரு பொம்பளை இப்படிக் கத்தலாமா? கத்தலாம்.

உடனே அக்காவுக்குப் போன் போட்டேன். முழுவதும் கேட்டாள். கேட்டுவிட்டு, "சரிடி குட்டி. இறங்குறது?" என்றாள்.

"இறங்குறதுக்கு என்ன, அதுவா இறங்கும்."

"அதுவா இறங்கிடுமேன்னுதான் கேக்குறேன்."

எப்போதும் இப்படித்தான். என் சந்தோஷத்தில் ஒரு ஊசி குத்திப் பார்த்தால்தான் அவளுக்கு ஆகும். வண்டி இன்று மேலேயே நிற்கட்டும். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே எழுதுகிறேன்.

மார்ச் 18

என்ன சொல்றது. என் முட்டாள்தனத்துக்கு ஒரு அளவு வேணாமா?

இறங்கினேன். இரண்டாவது வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன். இந்த வண்டிக்கு பிரேக் பின்சக்கரத்தில் மட்டும்தான் – அது எனக்குத் தெரியும், தெரிஞ்சும் யோசிக்கல. சக்கரம் நின்றுவிட்டது, வண்டி நிற்கவில்லை. சரளைமேல் அப்படியே வழுக்கி, பாறையில் இடித்து நின்றது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. பக்கத்துச் சீட்டிலிருந்த மூட்டை பறந்துபோய்க் கீழே விழுந்து வெடித்தது.

மூட்டைதானே. மூட்டைதான். ஆனா அந்த இடத்துல யாரை உக்கார வைக்கப் போனேன்? புது இடுப்போட? பாதை முழுக்க சிமெண்ட் தூள்.

மார்ச் 19

எழுத ஒன்றுமில்லை. இல்லத்து அறைக்கே சரி சொல்லிவிடு என்று சொல்லிவிடலாமா?

மார்ச் 20, வியாழன்

போனில் சொல்ல மனம் வராமல் நேரிலேயே போனேன். அக்கா முழங்கைக் கட்டைப் பிரித்துப் பார்த்து, "எவ கட்டினது இதை?" என்று திரும்பக் கட்டினாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன், சிரிக்கிறாள். மூட்டை வெடித்த இடத்தை இரண்டாம் முறை சொல்லச் சொன்னாள்.

பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உன் வீட்டுக்கு வர எனக்கு ஆசை இல்லைன்னு நினைச்சியா? மேலே ஏத்தி விட்டுட்டா நான் எப்ப நினைச்சாலும் இறங்க முடியணும். நீ வந்து கூட்டிட்டுப் போறவரைக்கும் வாசலைப் பாத்துட்டு உக்காந்திருக்க என்னால முடியாது. அதுக்கு அந்த இல்லமே தேவலாம். அங்க லிஃப்ட் இருக்கு."

திரும்பி வரும் வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இத்தனை நாளும் நான் அளந்தது ஏற்றத்தை. அவள் கேட்டுக்கொண்டிருந்தது இறக்கத்தை. நேரே எக்ஸ்பிரஸின் பட்டறைக்குப் போய், "நான் ஓட்டுறதுக்கு இல்ல. அவங்க ஓட்டுறதுக்குச் செய்யணும்" என்றேன்.

அவர் கையிலிருந்த நட்டைக் கீழே வைத்தார். "இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே மேடம்."

மார்ச் 25

வேலை நடக்கிறது. முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக். நாலு கொக்கி சீட் பெல்ட். மோட்டாரைக் கட்டுப்படுத்தும் பெட்டி புதிது. எக்ஸ்பிரஸ் விளக்கினார்: இறக்கத்தில் மோட்டாரே வண்டியைப் பிடித்து இழுத்து வைத்துக்கொள்ளும். பெடலிலிருந்து காலை எடுத்தால் எந்தச் சரிவிலும் நின்றுவிடும், பூட்டும் விழுந்துவிடும்.

"முன்னாடி ஏன் இது இல்ல?"

"மைதானத்து வண்டி மேடம். அங்க உருண்டு இறங்குறது பந்து மட்டும்தான்."

மார்ச் 27

பதினொரு தடவை ஏறி இறங்கினேன். பக்கத்துச் சீட்டில் புது மூட்டை, அதன் மடியில் தண்ணீர் வாளி. கடைசி மூன்று தடவை ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அதைவிட வேடிக்கை, ஒவ்வொரு தடவை கீழே வந்து சேரும்போதும் பேட்டரி கொஞ்சம் ஏறியிருக்கிறது! இறங்கினால் சார்ஜ்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 29, சனி

அக்கா வந்தாள். கேட்டில் இறங்கி வண்டியை ஒரு சுற்று பார்த்தாள். ஆபரேஷனுக்கு முன் கத்தி, கத்தரி எல்லாவற்றையும் எண்ணிப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. வாக்கரைப் பின்னால் கட்டினேன். பெல்ட்டை அவளே மாட்டிக்கொண்டாள்.

இரண்டாவது வளைவின் நட்டநடுவில் "நிறுத்து" என்றாள். காலை எடுத்தேன். நின்றது. பத்தொன்பது டிகிரியில், மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, அப்படியே. குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள். "ம், போ" என்றாள்.

மேலே போய்ச் சேர்ந்ததும் ஆஸ்பத்திரிக் கூரையைக் காட்டினேன். பார்த்தாள். கண் கலங்கினாளா, காற்றா, தெரியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் பக்கம் திரும்பி, "நகரு" என்றாள்.

அவள் ஓட்டினாள். நான் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். வளைவில் தானாகவே ஒரு தடவை காலை எடுத்து நிறுத்திப் பார்த்தாள். கீழே போய்த் திருப்பி, ஏறி, மறுபடி இறங்கினாள். மூன்றாம் தடவை என்னை இறக்கிவிட்டாள்.

கேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாறைக்குப் பின்னால் மறைந்தாள். மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது. வாழ்க்கையில் இவ்வளவு நீளமான ஆறு நிமிஷத்தை நான் அளந்ததில்லை. திரும்பி வந்தபோது கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்திருந்தது, முகமெல்லாம் சிவந்திருந்தது. சின்ன வயசில் சைக்கிள் கற்றுக்கொண்ட அன்று பார்த்த முகம்.

காபி குடித்தாள், போய்விட்டாள். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

மார்ச் 31

சாயங்காலம் வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து மணிக்கு அடித்தது.

"உன் குளியலறைக் கதவு எத்தனை அகலம்?"

டேப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். "எழுபத்தொன்பது சென்டிமீட்டர்!"

"வாக்கர் போகும்" என்று சொல்லி வைத்துவிட்டாள். டேப்பைக் கையில் வைத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

ஏப்ரல் 26, சனி

தபால் போடவேண்டும் என்று கிளம்பினால் வண்டியைக் காணோம். சார்ஜர் கம்பியில் ஒரு சீட்டு குத்தியிருந்தது: "லைப்ரரிக்குப் போறேன். பத்தரைக்கு வருவேன்." மணி பதினொன்று.

நடந்தே இறங்கினேன். இரண்டாவது வளைவுக்கு வரும்போது கீழேயிருந்து ஹாரன் சத்தம். ஹாரன் நான் வைக்கவில்லை, எக்ஸ்பிரஸிடம் சொல்லி அவளே வைத்துக்கொண்டிருக்கிறாள். மடியில் நாலு புத்தகம், பின்னால் வாக்கர். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

"ஓரமா நில்லுடி குட்டி!"

ஐந்தடிப் பாதை. பாறையோடு ஒட்டி நின்று வழி விட்டேன்.