இரண்டு மூடி ஓமத்திரவம்

மச்சான்,

இன்று காலை என் வீட்டுக்காரி அடுக்களையில் ஓமத்திரவப் பாட்டிலைத் திறந்தாள். நேற்றுத் தின்ற பருப்பு வடை அவளுக்குச் செரிக்கவில்லையாம். பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த என் மூக்குக்கு அந்த வாடை வந்ததுதான் தாமதம், "அதை மூடுளா முதல்ல" என்று கத்திவிட்டேன். அவள் மூடியைக் கையில் பிடித்தபடி வந்து நின்று என்னைப் பார்த்தாள். "வயசானா கண்ணு போவும், காது போவும்னாவ. புத்தியும் போவும்னு யாரும் சொல்லலியே" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் ஒரு மூடி ஊற்றிக் குடித்தாள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. இந்த ஊரில் அந்தப் பாட்டில் இல்லாத வீடு எது?

நீ போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்ததுதான். உனக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்தது என்பதால்தான் உன்னிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் வேதத்தில் பாவசங்கீர்த்தனம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். சாமியார் காதில் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம். நான் எந்தக் கோயிலில் போய் முட்டி போட? இந்த முட்டிதான் மடங்குகிறதா?

ஓய்வுக்குப் பிறகு நமக்கு இருந்த உத்தியோகம் ஒன்றே ஒன்று. ஐந்து மணிக்குக் கடற்கரைக்குப் போய், விளக்குக் கம்பத்தை ஒட்டின சிமெண்டு பெஞ்சைப் பிடித்து, இருட்டும் வரை வியாதி பேசுவது. துறைமுகத்தில் கப்பல் மூட்டைகளைச் சரிபார்த்தே தலை நரைத்தவன் நான். சங்கு குளித்தே காது போனவன் நீ. "எனக்குச் சீனி இருநூத்திப் பத்து" என்று நான் ஆரம்பித்தால், "எனக்கு இருநூத்தி நாப்பதுல" என்று ஏலம் கேட்பாய். முழங்கால், கண்புரை, ராத்திரி மூன்று தடவை எழுந்திருப்பது எல்லாம் அந்தப் பெஞ்சில் வந்து போகும். உன் இடது காதுப் பக்கம் நான் உட்கார்ந்துவிட்டால் தீர்ந்தது, நான் ஒன்று கேட்க நீ ஒன்று சொல்வாய். கிளம்பும்போது சட்டைப்பையிலிருந்து காகிதத்தில் சுற்றின ஒரு மக்ரூனை எடுத்து இரண்டாகப் பிய்ப்பாய். "பாதி தின்னா சீனி ஏறாது" என்பது உன் வைத்தியம்.

என் வைத்தியம் ஓமத்திரவம். எனக்கு வாயுத் தொந்தரவு நாற்பது வயதிலேயே வந்துவிட்டது. அதனால் என் துணிப்பையில் குடை இருக்கிறதோ இல்லையோ, அந்தப் பாட்டில் இருக்கும். நெஞ்சில் குத்தினால் வாயு, முதுகில் பிடித்தால் வாயு, தலை சுற்றினால் அதுவும் மேலே ஏறின வாயு. பெஞ்சுக்கு வந்து உட்காரும் மற்றவர்களுக்கும் மூடி மூடியாக ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். நீ என்னை டாக்டர் என்றே கூப்பிட்டாய். கேலிக்குத்தான் என்றாலும் எனக்கு அது பிடித்திருந்தது.

உனக்கு வேறொரு கிறுக்கு இருந்தது. தினமும் ஒரு தடவை மூச்சுப் பிடித்துக் காட்ட வேண்டும். "மணியப் பாரு டாக்டர்" என்பாய். நான் கைக்கடிகாரத்தில் கண்ணை வைப்பேன். இரண்டு உள்ளங்கைகளையும் தொடையில் ஊன்றி, கடலைப் பார்த்து, வாயை மூடிவிடுவாய். அறுபத்தொன்பது வயதில் ஒன்றரை நிமிடம். நடக்க வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். முடிந்ததும் நெஞ்சைத் தட்டி, "எட்டுப் பாகம், அம்பதடி ஆழத்துல பழகுன நெஞ்சுல இது. இதுக்கு ஒரு நோவும் வராது" என்பாய். நானும் நம்பினேன். சங்கு குளித்தவன் நெஞ்சை மூட்டை பார்த்தவன் எப்படிச் சந்தேகப்படுவான்?

அந்தச் சாயங்காலம் காற்றே இல்லை. நீ எனக்குப் பிறகுதான் வந்தாய். என்றைக்கும் அப்படி வந்ததில்லை. உட்கார்ந்ததும் நெஞ்சை நீவிக்கொண்டு, "காத்து அடச்சிருக்கு மச்சான், கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு" என்றாய்.

"மத்தியானம் என்னத்த தின்ன?"

"கணவாய் வறுவல்."

"பெறகு கேப்பானேன்? வாயுதான்" என்று பையைத் திறந்தேன். இரண்டு மூடி. முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாய். முதுகைத் தடவிக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் பெரிதாக ஓர் ஏப்பம் வந்தது. இரண்டு பேருக்கும் அப்படி ஒரு சந்தோஷம். "டாக்டர்னா டாக்டர்தாம்ல" என்றாய்.

அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். நீதான் விடவில்லை. "மணியப் பாரு" என்றாய். பார்த்தேன். இருபத்தெட்டு நொடியில் வாயைத் திறந்துவிட்டாய்.

நான் சிரித்தேன் மச்சான். வாய்விட்டுச் சிரித்தேன். "எட்டுப் பாகம் இப்போ முழங்கால் தண்ணிக்கு வந்துட்டே" என்று சொன்னேன். நீ சிரிக்கவில்லை. மறுபடி உள்ளங்கைகளைத் தொடையில் ஊன்றினாய். "பாருல" என்றாய். இரண்டாவது தடவை ஐம்பத்து மூன்று. முடித்தபோது உன் கழுத்தெல்லாம் வேர்வை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "என்னல இப்படி வேக்குது?" என்று கேட்டேன். "புழுக்கம்" என்றாய். சரிதான் என்று நானும் என் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் இருந்தோம். ஒரு மணி நேரம்! பென்ஷன் ஆபீஸில் உயிரோடு இருக்கிறேன் என்று நான் கையெழுத்துப் போடப் போவதைப் பற்றிப் பேசினோம். இடையிடையே நெஞ்சை நீவினாய். நான் இன்னொரு மூடி வேண்டுமா என்று கேட்டேன். எழுந்து நடந்தபோது பாதி வழியில், பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தவன் அப்படியே என் தோளில் சாய்ந்தாய். ஆட்டோவில் உன் தலை என் மடியில் இருந்தது. உன் வாயில் ஓமவாடை அடித்தது.

ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் சின்னப் பிள்ளை. கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா பாத்திருக்கலாம் சார்" என்றார். அப்போது உன் வீட்டுக்காரி வரவில்லை. அதைக் கேட்டவன் நான் ஒருவன்தான். அவள் ஓடிவந்து, "என்னாச்சு அண்ணாச்சி?" என்று என் இரண்டு கைகளையும் பிடித்தபோது, "நல்லாப் பேசிட்டு இருந்தாம்மா, அப்படியே சாஞ்சிட்டான். ஒரு நிமிசம்கூட ஆகல" என்று சொன்னேன். அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அன்று தொடங்கி அவள் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். அடக்கத்துக்கு வந்தவர்களிடமும், முப்பதாம் நாள் பூசைக்கு வந்தவர்களிடமும், மீன்காரியிடமும் அதையேதான் சொன்னாள். "அவருக்கு நோவே தெரியல. அண்ணாச்சி பக்கத்துல இருந்தாவ. ஒரு நிமிசம்." சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பாள். நான் தலையை ஆட்ட வேண்டும். எட்டு மாதமாக ஆட்டினேன். பெஞ்சுப் பக்கம் போவதில்லை. கைக்கடிகாரம் கட்டுவதில்லை. படுத்தால் அந்த ஒரு மணி நேரம் வந்து நெஞ்சில் உட்காருகிறது. செத்தால்தான் விடியும் என்று நினைத்த நாட்கள் உண்டு. உன்னிடம் சொல்வதற்கு என்ன வெட்கம்?

போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்காரிக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு போனேன். வாரா வாரம் போகிறேன். கோயில் முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். உன் படத்துக்குக் கீழே மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்ததும் எனக்கு நெஞ்சு அடைத்தது. கல்லைத் தூக்கி வைத்த மாதிரி. கை தானாகப் போய் நீவியது. அவள் பார்த்துவிட்டாள்.

"வாயுவாத்தான் இருக்கும் அண்ணாச்சி, இருங்க" என்று உள்ளே போனாள். வரும்போது ஒரு கையில் ஓமத்திரவப் பாட்டில், இன்னொரு கையில் டம்ளர். மூடியில் ஊற்றினாள். ஒன்று. இரண்டு.

டம்ளரை வாங்கினேன். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. தரையில் வைத்துவிட்டேன். "தங்கச்சி, நான் உன்கிட்ட பொய் சொன்னேன்" என்றேன். எல்லாவற்றையும் கொட்டினேன். நீ நெஞ்சை நீவியது, கணவாய், இரண்டு மூடி, ஏப்பம், புழுக்கம், பாலத்துக் கட்டை, அந்தச் சின்ன டாக்டர் சொன்னது.

அவள் பாட்டிலை மூடவே இல்லை. "ஒரு மணி நேரமா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"காலைலயும் சொன்னாரு அண்ணாச்சி" என்றாள். "பல் தேய்க்கும்போதே சொன்னாரு, நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுதுன்னு. நானும் இதத்தான் குடுத்தேன். ரெண்டு மூடி. குடுத்துட்டுக் கணவாய் வாங்கப் போனேன்."

மச்சான், அதை நான் கேட்காமலே போய்ச் சேர்ந்திருக்கலாம். ஒரு நிமிடம் என்று நான் சொன்ன பொய்யை அவள் ஏன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. திடீரென்று வந்ததாக இருந்தால், காலையில் வந்தது வேறு ஏதோ. அந்த ஒன்றில்தான் அவள் உயிர் ஒட்டியிருந்தது. நான் நல்லவனாகப் போய் அதைப் பிடுங்கிவிட்டேன். அவள் அழவில்லை. பாட்டிலை எடுத்துப் போய்த் தொட்டியில் கவிழ்த்தாள். வீடு முழுக்க வாடை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, "எந்திரிங்க. ஆட்டோ கூப்பிடுதேன். இன்னொருத்தர என்னால இதக் குடுத்து அனுப்ப முடியாது" என்றாள்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் களிம்பு தடவி, ஒயர் மாட்டி இ.சி.ஜி. எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். மறுபடி ஒரு இ.சி.ஜி. நான் செத்துவிடுவேன் என்று நினைத்தேன். செத்தால் சரியாகிவிடும் என்றும் நினைத்தேன். ஒரு டாக்டரம்மா வந்து காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதயம் நல்லாருக்கு ஐயா. இது வெறும் கேஸ்தான்" என்றார்.

வெறும் கேஸ். அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு நான் அழுத அழுகையை நீ பார்த்திருந்தால் ஏசியிருப்பாய். உனக்கு ஏன் அது கேஸாக இல்லை? ஊரில் எத்தனை பேருக்கு ஊற்றிக் கொடுத்தேன், எல்லாருக்கும் கேஸாக இருந்ததே, உனக்கு மட்டும் ஏன் இல்லை? சாமியை ஏசினேன். என் சாமியையும் உன் சாமியையும் சேர்த்தே ஏசினேன்.

திரும்பும்போது ஆட்டோவில் அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். உப்பளம் பக்கம் லாரிகள் நின்றதால் வண்டி ஊர்ந்தது. "உங்களுக்கு கேஸ்னு அந்த டாக்டர்ப் பொண்ணு சொன்னதும் எனக்குக் கோவம் வந்துட்டு அண்ணாச்சி" என்றாள். "நீங்க பொழச்சதுல இல்ல." அவள் முடிக்கவில்லை. நானும் தெரியும் என்று மட்டும் சொன்னேன்.

வீட்டு முனை வந்ததும் கேட்டாள். "அன்னைக்காவது அந்த மூச்சுப் பிடிக்கிற வெளையாட்டு இல்லாம இருந்தாரா? அவ்வளவு நோவோட?"

எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அதை மட்டும் சொல்லவில்லை என்பது அவள் கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன்.

"ஆமாம்மா" என்றேன். "அன்னைக்கு மூச்சுப் பிடிக்கல."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். இறங்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இப்போது தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போன் பண்ணுகிறாள். "நெஞ்சு எப்படி இருக்கு அண்ணாச்சி?" என்று கேட்கிறாள். நல்லா இருக்கும்மா என்கிறேன். அந்த இ.சி.ஜி. காகிதம் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது, நீ மக்ரூன் வைத்துக்கொள்வாயே அந்த மாதிரி. எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். ஒரு குறையும் இல்லை என்று எழுதியிருக்கிறது. நான் சிரித்ததும், அதற்காக நீ இரண்டாவது தடவை ஐம்பத்து மூன்று நொடி பிடித்ததும் அதில் எங்கேயும் இல்லை மச்சான். அது என்னிடம்தான் இருக்கிறது.