அரை மூடி மருந்து

உன் அக்கா விட்டுப்போன கோழி கறுப்பிக்கு நான் போட்ட விலை அரை மூடி மருந்து. குடல் பூச்சிக்குத் தண்ணீரில் ஒரு மூடி கலக்கச் சொன்னார் கால்நடை டாக்டர். ஒரு பாட்டிலை இரண்டு தடவைக்கு இழுக்கலாமே என்று பாதியாக்கினேன். பூச்சி பேரத்துக்குப் படியவில்லை. கறுப்பிதான் போய்விட்டாள்.

நேற்று புதைத்துவிட்டு வந்ததும், "ஏங்க, கோழிகிட்டயுமா பேரம் பேசுவீங்க?" என்று கேட்டாய். அக்கா சாகும் முன் உன் கையில் கொடுத்த கோழிகள் அவை.

கடைக்குக் கிளம்புகிறேன். மற்றவற்றுக்கு முழு மூடி கலந்து வைத்திருக்கிறேன். இன்றைக்கு வேறு தண்ணீர் வைத்துவிடாதே. டாக்டர் சொல்லும்வரை முட்டை யாரும் சாப்பிட வேண்டாம். இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை, அதுவும் முழு மூடி.

சாவி ஜன்னலில். சோறு அடுப்பில். கோபத்தோடாவது சாப்பிடு.

மறந்துவிட்டேன்: கூண்டில் பழைய உமியை அள்ளிவிட்டேன். கறுப்பி படுக்கும் மூலையில் மட்டும் கை வரவில்லை. ஒருமுறை பார்த்துவிட்டு நீயே அள்ளிவிடு.

அக்கா எண்ணிக் கொடுத்தது ஆறு. காலையில் மூன்று முறை எண்ணினேன். ஐந்துதான் வருகிறது.