அகழி அளந்த மாணவிக்கு நீதி வேண்டி

நீர் வற்றாத ஐந்து ஏரிகளுக்கு உரியவரும், முறையிட வந்தவரை நிற்கவைத்துப் பேசாதவருமான கடம்பெயில் நாட்டு அரசர் நெடுவேலர் திருமுன்பு, வேங்கைத்துறை நாட்டு அமைச்சன் பூதங்கண்ணன் பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் நாட்டில் மழை தவறாது பெய்க. தங்கள் குடிகள் நோயின்றி வாழ்க.

நம் இரு நாடுகளும் சேர்ந்து நிறுவிய கல்விச் சபை, ஆண்டுதோறும் இங்கிருந்து அறுவரை அங்கும், அங்கிருந்து அறுவரை இங்கும் பயில அனுப்பிவருவதைத் தாங்கள் அறிவீர்கள். இவ்வாண்டு அங்கு வந்த எங்கள் மாணவி அல்லியங்கோதை, முடிச்சிட்ட கயிற்றால் தங்கள் கோட்டை அகழியின் ஆழத்தை அளந்து ஏட்டில் குறித்தாள் என்பதற்காக, ஒற்றர் எனச் சிறை வைக்கப்பட்டு இன்றோடு இருபத்திரண்டு நாள் ஆகிறது.

அவள் அளந்தது உண்மை. கோட்டைத் தலைவரைக் கேளாமல், சபையின் இசைவு ஓலையே போதுமென்று எண்ணிக் கரையில் இறங்கியது அவள் பிழை. அதை நான் மறைக்கவில்லை. ஆயினும் அவள் தேடியது கோட்டைக்குள் நுழையும் வழி அன்று. தங்கள் தெற்கு வீதியில் வீட்டுக்கு ஒருவரைப் படுக்கவைத்திருக்கும் குளிர்காய்ச்சலைப் பரப்பும் கொசு, எவ்வளவு ஆழமுள்ள நீரில் பெருகுகிறது என்பதையே அவள் தேடினாள். மழை இறங்கி அகழி நிரம்பிவிட்டால் அந்த அளவை இவ்வாண்டு எவராலும் எடுக்க இயலாது. காய்ச்சல் காத்திராது.

செய்தி வந்த அன்றே எங்கள் படைத்தலைவர் கொற்றங்குமரர், இங்கே பயிலும் தங்கள் மாணவன் காரிநம்பியைப் பிடித்து அடைக்க வேண்டுமென்று அவையில் வாதிட்டார். ஏட்டைத் தூக்கிக்கொண்டு திரிகிறவனுக்கு விருந்து வேறா என்றும் கேட்டார். நான் இசையவில்லை. சபையின் வழக்கப்படி, வந்த மாணவர் முதல் நாளிலேயே அந்நாட்டு ஆற்றுநீரைப் பருகிக் குடிப்பட்டியலில் பெயர் எழுதுகிறார். கல்வி முடியும்வரை அவர் அந்நாட்டுக் குடி. ஆதலால் காரிநம்பி எங்கள் பிள்ளை. அதே வழக்கப்படி அல்லியங்கோதை தங்கள் குடி. அவளை எங்களிடம் திருப்பித் தருமாறு நான் கேட்கவில்லை. தங்கள் குடிக்குத் தாங்கள் நீதி செய்யுமாறு கேட்கிறேன்.

காரிநம்பியிடம் அவ்வாறே முடிச்சிட்ட கயிறு ஒன்றைக் கொடுத்து, எங்கள் அகழியை நான்கு பக்கமும் அளக்கச் சொன்னேன். எங்கள் காவலரே மறுமுனையைப் பிடித்தனர். முதலைகளையும் எண்ணிக்கொள், தம்பி, கணக்கில் விட்டுவிட்டால் அவை கோபிக்கும் என்று நகைத்தனர். அவன் எழுதிய ஏடு இவ்வோலையுடன் வருகிறது. எந்த மூலையில் எங்கள் அகழி முழங்கால் அளவே என்பது இனித் தங்களுக்குத் தெரியும். தெரிந்த பின்னும் நாங்கள் கதவைத் திறந்தே வைத்திருப்போம்.

வரும் முழுநிலவன்று அடுத்த அறுவர் இங்கிருந்து புறப்படுவர். அவர்களைத் தடுக்க எவருக்கும் அதிகாரமில்லை என்று எல்லைக் காவலர்க்குக் கட்டளை சென்றுவிட்டது. அந்த அறுவரையும் தங்கள் எல்லையில் அல்லியங்கோதையே எதிர்கொள்ள வேண்டும், கையில் அவளது கயிற்றுடன்.

இவ்வோலை எங்கள் அரசர் செவிமடுக்க வாசிக்கப்பட்டு, வேங்கை இலச்சினை ஒற்றப்பட்டது. மறுமொழி பெறாமல் மீளவேண்டாம் என்பது தூதருக்கு இடப்பட்ட ஆணை.